இலைக்கு மேல் மறித்த கை

(வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மாதத்துக் கூட்டத்துக்கு ‘உடல் எடையைக் குறைப்பது எப்படி?’ என்று தலைப்பு வைத்து, என்னைக் கேளாமலே அழைப்பிதழும் அச்சடித்துவிட்ட காரியதரிசி அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பதைச் சபையின் முன் முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது மரியாதை. ஆறு ஆண்டுகளுக்கு முன் 118 கிலோ எடையோடு மருத்துவமனைப் படியேறி, வயிற்றை அறுத்துத் தைத்துக்கொண்டு, ஒன்றரை ஆண்டில் 80 கிலோவுக்கு இறங்கி, பிறகு என் அசட்டையால் சற்றே ஏறி, இன்று 86 கிலோவில் உங்கள் முன் நின்றுகொண்டிருப்பவள் நான். ஐந்தடி இரண்டங்குலம் உயரமுள்ளவளுக்கு இதுவும் அதிகந்தானே என்று முன்வரிசையில் இருப்பவர்கள் மனக்கணக்குப் போடுவது எனக்குத் தெரிகிறது. ஆகவே எடையைக் குறைக்கும் வித்தையை விட்டுவிட்டு, குறைத்துக்கொண்ட ஒருத்தி அதற்குப் பிறகு எப்படி உண்டு, உடுத்து, நாலு பேரோடு பழகி வாழ்கிறாள் என்னும் விஷயத்தைப் பேச உத்தரவு வேண்டுகிறேன்.

எனக்கு நடந்த ரண சிகிச்சைக்கு (எங்கள் காலத்துச் சொல் அது, இப்போது ‘ஆப்பரேஷன்’ என்றால்தான் புரிகிறது) மருத்துவர்கள் ‘கேஸ்ட்ரிக் பைபாஸ்’ என்று பெயர் சொல்கிறார்கள். எங்கள் தெருவில் பைபாஸ் என்று காதில் விழுந்ததும் பாதிப்பேர் என் நெஞ்சைப் பார்த்தார்கள்; மீதிப்பேர் ஊருக்கு வெளியே லாரிகள் போகும் சாலையை நினைத்துக்கொண்டார்கள். பின்னவர்களே உண்மைக்குப் பக்கத்தில் இருந்தார்கள். வண்டி ஊருக்குள் நுழையாமல் சுற்றிப் போவதுபோல, உண்ட ஆகாரம் இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் தொடக்கத்தையும் தொடாமல் கீழே போகும்படி பாதையை மாற்றிவிடுகிறார்கள். இரைப்பையின் மேல்முனையில் ஒரு சிறு பையை மட்டும் தனியே பிரித்து விடுகிறார்கள். அதன் கொள்ளளவு சுமார் 30 மில்லிலிட்டர். குழம்புக்குப் புளி ஊறவைக்கும்போது எலுமிச்சம்பழ அளவு என்று உருட்டி எடுப்போமே, ஏறக்குறைய அவ்வளவுதான் இனி வயிறு. சிறுகுடலை ஓரிடத்தில் துண்டித்து, கீழ்த் துண்டை மேலே கொண்டுவந்து அந்தப் பையில் தைத்து, பித்தமும் கணைய நீரும் இறங்கி வரும் மேல் துண்டை இன்னும் கீழே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். படம் வரைந்தால் பையன்கள் மாங்காய் அடிக்கும் கவட்டைபோல இருக்கும். அந்தக் கவட்டை இணைப்புக்கு சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் செசார் ரூவின் பெயர் இன்றும் வழங்குகிறது. பருத்த சரீரங்களைப் பற்றி அவர் எண்ணியிருப்பாரா என்பது சந்தேகமே.

இந்தச் சிகிச்சை பிறந்த வரலாறு விசித்திரமானது. 1954ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தார் சிறுகுடலின் பெரும்பகுதியை ஒதுக்கிவிடும் ஒரு முறையை வெளியிட்டார்கள். எடை குறைந்தது வாஸ்தவம், ஆனால் ஓயாத வயிற்றுப்போக்கும் கல்லீரல் கேடும் கூடவே வந்து, காலப்போக்கில் அதைக் கைவிட நேர்ந்தது. அயோவாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்வர்ட் மேசன் என்பவர், வயிற்றுப் புண்ணுக்காக இரைப்பையில் ஒரு பகுதியை இழந்த பெண்கள் அதன்பின் என்ன உண்டாலும் சதைபோடாமல் மெலிந்தே கிடப்பதைக் கவனித்தார். ஒருவருக்குத் தீங்காக முடிந்த அந்த விளைவே இன்னொருவருக்கு மருந்தாகக்கூடும் என்னும் யோசனை அவருக்கு உதித்து, சிகாஷி இட்டோ என்னும் சகாவோடு சேர்ந்து அவர் 1967இல் வெளியிட்ட முறைதான் பலர் கைபட்டுத் திருந்தி என் வயிறுவரை வந்து சேர்ந்தது. வட கரோலினா மாகாணத்தின் கிரீன்வில் நகரில் வால்டர் போரிஸ் என்னும் மருத்துவர் 1995இல் எழுதிய கட்டுரை இன்னொரு ஆச்சரியத்தை ஊர்ஜிதம் செய்தது: இந்தச் சிகிச்சை பெற்ற நீரிழிவு நோயாளிகளில் ஐந்தில் நால்வருக்கு மேற்பட்டோரின் சர்க்கரை இயல்பான அளவுக்குத் திரும்பியிருந்தது, எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே அந்த மாறுதல் தொடங்கிவிடுகிறது. இன்சுலின் ஊசியை இருவேளையும் போட்டுக்கொண்டிருந்த நான் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது ஊசியில்லாமல் திரும்பினேன் என்பதை இங்கே சாட்சியமாகச் சொல்லிவைக்கிறேன்.

‘வாயைக் கட்டத் தெரியாதவள் வயிற்றைக் கட்டிக்கொண்டாள்’ என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. முப்பது ஆண்டு தமிழ் சொல்லிக்கொடுத்தவளாதலால் அந்த வாக்கியத்தின் மோனையை நான் ரசித்தேன். பொருளை ஒப்ப முடியவில்லை. நான் பட்டினி கிடக்கத் தெரியாதவளல்ல. இரண்டு முறை பத்துப் பத்துக் கிலோவாக இறக்கியிருக்கிறேன். இரண்டு முறையும் ஓராண்டுக்குள் வட்டியோடு ஏறிவிட்டது. ஜப்பானில் கொஜிமா, கங்காவா என்னும் இருவர் 1999இல் கண்டுபிடித்த ‘கிரெலின்’ என்னும் சுரப்பு இரைப்பையில் பிறந்து மூளைக்குப் பசியை அறிவிப்பது. ஆகாரத்தைக் குறைத்து எடையை இறக்கியவர்கள் உடம்பில் அந்தச் சுரப்பு முன்னிலும் அதிகமாகிறது. அதாவது, இழந்த சதையை மீட்கும்வரை உடம்பு உறங்குவதில்லை. குடல்வழியை மாற்றிய பிறகோ, போதும் என்று மூளைக்குச் சொல்லி அனுப்பும் ‘ஜி.எல்.பி.-1’ என்னும் இன்னொரு சுரப்பு, உண்டவுடன் பன்மடங்கு பெருகுகிறது. இப்போது வாரம் ஒரு முறை போட்டுக்கொள்ளும் ஊசி என்று பரபரப்பாகப் பேசுகிறீர்களே, அது இந்தச் சுரப்பின் வேஷம் போட்டுவரும் மருந்துதான்.

இதைச் சொல்வதால் என் பங்குக் குற்றமே இல்லை என்று தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. திருக்குறளின் மருந்து அதிகாரத்தில் பத்துக் குறளில் ஆறு உணவைப் பற்றியவை என்று ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கிவிட்டு, மணி அடித்ததும் ஆசிரியர் அறைக்கு வந்து நாலு பேர் டப்பாவிலிருந்தும் ருசி பார்த்தவள் நான். வீட்டிலோ, எல்லோருக்கும் பரிமாறி முடித்து, அடுப்படியில் நின்றபடியே, குழந்தைகள் தட்டில் மிச்சம் வைத்ததையும், அடியில் தங்கிய ஒரு கரண்டிக் குழம்பையும், நாளைக்கு வைத்தால் ஊசிப்போகுமே என்ற பச்சாதாபத்தால் இரண்டு கரண்டி சோறு கூடப் போட்டுப் பிசைந்து உண்பது என் நித்திய வழக்கமாக இருந்தது. இந்த மண்டபத்தில் உள்ள தாய்மார்களில் எத்தனை பேர் அந்தச் சட்டியைத் துடைத்துச் சாப்பிட்டிருப்பார்கள் என்று கை தூக்கச் சொல்லமாட்டேன். உணவை வீணாக்கக் கூடாது என்று நாம் கற்ற தர்மம் நல்லதுதான். நம் வயிறு குப்பைத்தொட்டி அல்ல என்று மட்டும் யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆப்பரேஷன் இரண்டரை மணி நேரம். வயிற்றில் ஐந்து சிறு துளைகள். மூன்றாம் நாள் வீடு. அதோடு முடிந்தது என்று எண்ணினேன். உண்மையில் அன்றைக்குத்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். முதல் இரண்டு வாரமும் திரவ ஆகாரம். ஆஸ்பத்திரியில் கொடுத்த முப்பது மில்லி அளவுக் கிண்ணத்தை மேசைமேல் வைத்துக்கொண்டு, தண்ணீரையோ நீர்மோரையோ வடிகட்டிய பருப்புத் தண்ணீரையோ கால்மணிக்கு ஒரு கிண்ணம் வீதம், அதையும் ஒரே மடக்காக அல்லாமல் பொட்டுப்பொட்டாக உறிஞ்சவேண்டும்; காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணிவரை இதுவே உத்தியோகம். தாகத்துக்குச் செம்பைத் தூக்கி அண்ணாந்து மடமடவென்று குடிக்கும் சுகம் அன்றோடு என் வாழ்க்கையை விட்டுப் போயிற்று. பிறகு மசித்தது, பிறகு குழைந்தது, ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து மற்றவர்கள் உண்பது. அதிலும் வரிசை மாறிற்று. நாம் சோற்றை நடுவில் வைத்து மற்றவற்றைத் தொட்டுக்கொள்பவர்கள். எனக்கோ நாளுக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும், எலுமிச்சம்பழ அளவு வயிற்றில் அதற்கு முதல் இடம் கொடுத்தால்தான் நடக்கும். ஒரு முட்டையில் ஆறு கிராம், ஒரு டம்ளர் பாலில் ஆறோ ஏழோ, இட்லி ஒன்றில் இரண்டுதான் என்று நான் கணக்குப் போட்டதுபோல என் மாணவர்கள் யாப்பிலக்கணத்துக்குச் சீர் பிரித்திருந்தால் எல்லோரும் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பார்கள். பருப்பும் முட்டையும் மீனும் முன்னே வந்தன, சோறு தொடுகறியாயிற்று.

சாப்பாட்டோடு தண்ணீர் கூடாது. உண்டு முடித்து அரைமணி ஆகவேண்டும். இலைக்கு வலப்புறம் தண்ணீர் வைப்பதே உபசாரத்தின் முதல் காரியமாகக் கொண்ட தேசத்தில் இந்த நியமத்தைக் காப்பது எளிதல்ல. ஏழாம் வாரத்தில் ஒருநாள், தொலைபேசியில் மகளோடு பேசிக்கொண்டே இட்லியை ஒரு விள்ளல், சரியாக மெல்லாமல் விழுங்கிவிட்டேன். நெஞ்சுக்குழியில் ஒரு கல் உட்கார்ந்ததுபோல் இருந்தது, விக்கலுமில்லை, வாந்தியுமில்லை, வாயில் நுரை நுரையாக எச்சில் ஊறிற்று, பழக்கத்தால் தண்ணீரை எடுத்துக் குடித்தேன், அதுவும் போகாமல் மேலே நின்றது. முற்றத்துத் தூணைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றேன். மெல்லுதல் என்னும் வினைச்சொல்லின் முழுப்பொருள் அறுபதாவது வயதில் அப்படித்தான் எனக்கு விளங்கிற்று.

அதனினும் பெரிய பாடம் ஒரு கல்யாணப் பந்தியில் கிடைத்தது. நாலாம் மாதம், என் தம்பி மகன் கல்யாணம். எனக்கு நடந்த சிகிச்சையை வெளியே சொல்லவேண்டாம் என்று தம்பி மனைவி கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் சொல்லக் கூச்சம். இலை போட்டார்கள். பருப்பும் கூட்டும் ஒரு வாய் எடுத்துக்கொண்டு, கையை இலைக்கு மேல் மறித்தபடி உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் தாயார் பாயச வாளியோடு தாமே வந்துவிட்டார். “மாப்பிள்ளை வீட்டு அத்தை நீங்க. இனிப்புத் தொடாம எழுந்திருச்சா எங்க மனசு என்ன பாடுபடும்? என் கையால ஒரே ஒரு கரண்டி, சம்பந்தியம்மா.” போதும் என்றேன். “போதும்னு சொல்றவங்களுக்குத்தான் இன்னொரு கரண்டி” என்றார்; சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்; மறித்த கையை மெல்ல விலக்கிவிட்டு ஊற்றினார். அந்த முகத்தில் இருந்த பிரியத்தைப் பார்த்துவிட்டு எப்படி மறுப்பது? குடித்தேன். இருபது நிமிஷம் ஆகவில்லை. மார்பு படபடவென்று அடித்துக்கொண்டது, பட்டு ரவிக்கை நனையும்படி வியர்த்தது, வயிற்றைப் பிசைந்தது, கண் இருண்டது. மணப்பெண் அறையில் நகைப்பெட்டிகளுக்கு நடுவே என்னைப் படுக்கவைத்து விசிறினார்கள். கண் பட்டுவிட்டது என்று தீர்மானித்து ஒரு பெரியவள் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள்.

கண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இரைப்பை முழுமையாக இருந்த காலத்தில் அது ஒரு நல்ல வாயில்காப்போனைப்போல ஆகாரத்தைத் தடுத்து வைத்துச் சிறிது சிறிதாக உள்ளே அனுப்பும். இப்போது அந்தக் காவல் இல்லை. செறிந்த சர்க்கரை அப்படியே சிறுகுடலில் கொட்டும்போது அது இரத்தத்திலிருந்து நீரை இழுக்கிறது, பல சுரப்புக்கள் ஒருசேரக் கிளம்புகின்றன. அதனால் வரும் அவஸ்தைக்கு ‘டம்பிங்’ என்று பெயர். சிலருக்கு உடனே வராமல், ஒன்றிரண்டு மணி கழித்து, இன்சுலின் அளவுமீறிச் சுரந்து சர்க்கரை தாழ்ந்துபோய் மயக்கமாக வரும். எனக்கு அன்று வலியைவிட வெட்கமே அதிகமாக இருந்தது. மறுநாள் தம்பியைக் கூப்பிட்டு, இனி யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன் என்று அறிவித்துவிட்டேன். நோயை ஒளிப்பதாவது ஒருவாறு புரிகிறது. சிகிச்சையை ஒளித்துவிட்டுப் பந்தியில் உட்கார்வது பைத்தியக்காரத்தனம்.

எடை இறங்க இறங்க ஊர் என்னைக் கொண்டாடும் என்று எதிர்பார்த்திருந்தேன். நடந்தது வேறு. 118 கிலோவில் இருந்தபோது ‘நல்லா இருக்கீங்க டீச்சர்’ என்றவர்களே, 90 கிலோவுக்கு வந்தபோது கடைத்தெருவில் நிறுத்தி, தாழ்ந்த குரலில், ‘உடம்புக்கு என்ன, எந்த டாக்டர்கிட்ட காட்டறீங்க?’ என்று விசாரித்தார்கள். நம் ஜனங்களுக்கு இளைப்பு என்றால் நோய், அல்லது துக்கம். வளையல்கள் முழங்கைவரை தாமே ஏறி இறங்கின. தோல் மட்டும் சுருங்க மறுத்து, கையிலும் வயிற்றிலும் மடிந்து தொங்கிற்று. நாலாம் மாதத்தில் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. வேகமாக எடை குறையும்போது இப்படி நேர்வதுண்டு, பெரும்பாலும் தானே நின்றுவிடும் என்று மருத்துவர் சொன்னார், அப்படியே ஆண்டு முடிவதற்குள் நின்றது. ஆனால் அந்த இடைக்காலத்தில் ஒரு முழம் பூவைத் தாங்க என் பின்னலுக்குப் பலம் இருக்கவில்லை. யாருக்கும் சொல்லாத இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் எனக்குப் பசியே இல்லை. அறுபது ஆண்டு கூடவே இருந்த ஒரு துணை சொல்லாமல் போய்விட்டதுபோல் இருந்தது. துக்கம் வந்தால் தின்றேன், சந்தோஷம் வந்தால் தின்றேன், பொழுது போகாவிட்டாலும் தின்றேன். அந்தக் கதவு அடைபட்டதும், மாலை ஆறு மணிக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் அழுதிருக்கிறேன். சிகிச்சைக்கு முன்பே மனநல மருத்துவரிடம் ஏன் அனுப்பினார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

மாத்திரைகளின் விஷயத்தில் நான் செய்த தவற்றை நீங்கள் செய்யக்கூடாது. இரும்புச் சத்து பெரும்பாலும் சிறுகுடலின் தொடக்கத்தில்தான் உடம்பில் சேர்கிறது. பி-12 சேர்வதற்கு இரைப்பையில் ஊறும் ஒரு பொருளின் துணை வேண்டும். எனக்கு அந்த இரண்டு இடங்களையும் உணவு தொடுவதில்லை. ஆகவே இரும்பு, கால்சியம், வைட்டமின் டி, பி-12 இவையெல்லாம் ஆயுள் பரியந்தம். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் விழுங்காமல் இரண்டு மணியாவது இடைவெளி விடவேண்டும். ஆண்டுக்கொருமுறை இரத்தப் பரிசோதனை. மூன்றாம் ஆண்டில், உடம்புதான் நன்றாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் நிறுத்தினேன். நாலாம் ஆண்டில் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கிற்று, உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் மதமதப்பு. இரத்தசோகையும் பி-12 குறைவும் சேர்ந்து வந்திருந்தன. நரம்பு முழுதும் பழைய நிலைக்கு வரவில்லை. இப்போதும் மெத்தென்ற செருப்பில்லாமல் என்னால் கோவில் பிராகாரம் சுற்ற முடியாது. சிகிச்சை முடிந்த சில வாரங்களில் யாருக்கேனும் ஓயாமல் வாந்தி எடுத்தால், பி-1 குறைந்து மூளையையே பாதிக்கக்கூடும். கஷாயம் வைத்துப் பார்க்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும். ஆண்களுக்கு ஒரு வார்த்தை: இந்தச் சிகிச்சைக்குப் பிறகு மது வெகு சீக்கிரம் தலைக்கேறும், இரண்டாம் ஆண்டு முதல் அதற்கு அடிமையாகும் அபாயமும் கூடுகிறது. அந்தப் பழக்கம் உள்ளவர்கள் முதலில் அதற்கு வழி தேடட்டும்.

ஏறிய ஆறு கிலோவின் கதை சுருக்கமானது. கொறிப்பு. சின்ன வயிற்றுக்குள் ஒரு தட்டுச் சோறு போகாது. ஆனால் தொலைக்காட்சியின் முன் ஒரு கிண்ணம் மிக்சர் மணிக்கணக்கில் போகும். ஸ்வீடன் தேசத்தில் 1987 முதல் ஆயிரக்கணக்கான நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பைபாஸ் செய்துகொண்டவர்கள் முதல் இரண்டு ஆண்டுக்குள் தங்கள் எடையில் 32 சதவீதம் இழந்து, பத்தாண்டு முடிவில் 25 சதவீதத்தில் நிலைத்தார்கள். சிகிச்சை பெறாதவர்களைவிட எடைக்கான ரண சிகிச்சை பெற்றவர்களிடையே மரணம் குறைவு என்று 2007இல் வெளியிட்டார்கள். ஆகவே கொஞ்சம் ஏறுவது பலருக்கும் பொது. ஏறியதற்கு வெட்கப்பட்டு மருத்துவரிடம் போவதை நிறுத்துவதுதான் கேடு. யாருக்கு இந்தச் சிகிச்சை என்பதையும் அழகுக்காக இளைக்க நினைப்பவர்கள் கேட்டுக்கொள்ளவேண்டும்: எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து இருமுறை வகுத்தால் வரும் எண் எனக்கு 47ஐத் தாண்டியிருந்தது, 1991இல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி குறைந்தது 40 வேண்டியிருந்தது, நீரிழிவு போன்ற நோயிருந்தால் 35. நம்மைப்போன்ற ஆசியருக்கு இன்னும் குறைந்த எண்ணிலேயே நீரிழிவு வந்துவிடுவதால் இப்போது வரம்பைத் தாழ்த்தியிருக்கிறார்கள். ஆனால் ஐந்து கிலோ குறைக்க ஆசைப்படும் கல்லூரிப் பெண்ணுக்கு இது இல்லவே இல்லை.

அன்பர்களே, என் வயிற்றை மருத்துவர் ஒரு காலையில் மாற்றிவிட்டார். என்னைச் சுற்றியிருந்தவர்களின் கரண்டியை மாற்ற ஆறு ஆண்டுகளாகியும் இன்னும் முடியவில்லை. சாப்பாட்டில் அன்பைக் காட்டும் ஜாதி நாம். அதில் எனக்குப் பெருமையே. ஆனால் ‘போதும்’ என்பதை ஒரு மரியாதைப் பேச்சாக எடுத்துக்கொண்டு, அதற்கு மறுமொழி இன்னொரு கரண்டி என்று வைத்திருக்கிறோமே, அதைத்தான் விட்டுவிடும்படி கேட்கிறேன். யார் வயிற்றுக்குள் என்ன தைத்திருக்கிறது, யார் நாவின் அடியில் எந்த மாத்திரை கரைந்துகொண்டிருக்கிறது என்பது பரிமாறுகிறவருக்குத் தெரியாது; சொல்லும்படி சபையில் ஒருவரைக் கட்டாயப்படுத்துவதும் நியாயமில்லை.

அடுத்த மாதம் என் பேரனுக்குக் காது குத்து. வாசகர் வட்டத்தார் எல்லோரும் குடும்பத்தோடு வரவேண்டும். இலையில் ஐந்து வகைக் கறியும் இரண்டு பாயசமும் உண்டு. நானே முன்னின்று சமைக்கச் சொல்லப்போகிறேன். பரிமாறும் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்: யாராவது இலைக்கு மேல் கையை மறித்தால், ஏன் என்று கேளாமல் அடுத்த இலைக்குப் போய்விட வேண்டும்.